வழியில் நின்ற ஆண்டவர்



பயணம் புறப்படும் காலை வேளையில், பல இல்லங்களில் செபத்துக்கு முன்பே சினம் ஒலிக்கிறது. பிள்ளை சப்பாத்தைத் தேடுகிறது. தாய் சாப்பாட்டைப் பொதி செய்கிறாள். தந்தையோ வாசலில் நின்று சத்தமிடுகிறார். வீதிக்கு வந்தபின் புகையிரதக் கடவையின் தடுப்பைக்கூடச் சுற்றிக்கொண்டு முந்திச் செல்லத் துணிகிறோம். சில நிமிடங்களை மீதப்படுத்த உயிரையே பணயம் வைக்கிறோம்.

காத்திருப்பு நமக்குப் புதியதன்று. 1990இல் நின்றுபோன யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரில். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, கப்பலில் இடம் கிடைக்குமா என ஏங்கிக் காத்திருந்தோர் நம் குடும்பங்களிலேயே உள்ளனர். அவ்வளவு காத்திருந்த நாம், இன்று இருபது நிமிடத் தாமதத்துக்காகச் சாரதியை ஏசுகிறோம்.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில், அவசரமாகப் புறப்பட்ட ஒரு தந்தையைச் சந்திக்கிறோம். தொழுகைக்கூடத் தலைவரான யாயிரின் பன்னிரண்டு வயது மகள் சாகும் தறுவாயில் கிடக்கிறாள். இயேசு அவரோடு புறப்படுகிறார். கூட்டமோ நெருக்குகிறது. அப்போது, பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணொருத்தி அவருடைய ஆடையைத் தொடுகிறாள். இயேசு நின்றுவிடுகிறார், தொட்டவர் யார் எனச் சுற்றிலும் பார்க்கிறார், அவளுடைய கதை முழுவதையும் கேட்கிறார்.

அந்நேரத்தில் யாயிரின் உள்ளம் எப்படித் துடித்திருக்கும்! ஆயினும், அவர் முறையிட்டதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி அங்கேயே வந்து சேருகிறது. அஞ்சாமல் நம்பும்படி மட்டும் அவரைத் தேற்றிய இயேசு, தொடர்ந்து நடக்கிறார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார்.

யாயிரின் அவசரத்தை ஆண்டவர் கண்டிக்கவில்லை. அன்பினால் வரும் அவசரம் குற்றமன்று. அன்னை மரியாவும் எலிசபெத்தம்மாளைக் காண விரைந்தே சென்றார். ஆனால் நம் அவசரத்துக்காக வழியில் நிற்கும் மற்றவரின் துன்பம் மறைந்துவிடக் கூடாது. நம்மைத் தாமதப்படுத்தும் அந்த முதியவரும், கைக்குழந்தையுடன் ஏறும் தாயும் இறைவனின் பார்வையில் தடைகள் அல்லர்.

ஆகவே, அரைமணி நேரம் முந்திப் புறப்படுவோம். தாமதமானால், காத்திருப்போருக்கு அறிவித்துவிட்டு, செபமாலையில் ஒரு பத்து மணியாவது சொல்வோம்.

உங்களில் சிலர், தாயின் அல்லது தந்தையின் இறுதி மூச்சுக்கு முன் வைத்தியசாலையை அடைய முடியாமற் போன வேதனையை இன்னும் சுமக்கிறீர்கள். இன்னும் வேகமாக வந்திருக்கலாமே என்று உங்களையே குற்றஞ்சாட்டாதீர்கள். நீங்கள் வழியில் இருந்த வேளையிலும் ஆண்டவர் அந்தப் படுக்கையருகே இருந்தார். பிந்திவிட்டது என்று பிறர் சொன்ன வீட்டுக்குள்ளும் நுழைந்தவர் அவர்.

ஆண்டவரே, எங்கள் பயணங்களில் எம்மோடு நடந்தருளும். நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் பொறுமையோடு நிற்க எமக்குக் கற்பித்தருளும். ஆமென்.