உங்களுக்குத் தெரியுமா? பாராடாங் வரைக்கும் ஜாஸ்!

★ நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தென்கோடி இந்திரா முனை. அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா சுமார் 150 கிலோமீட்டர்தான். சென்னைக்கோ ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பக்கத்து நாட்டுப் பாலித் தீவில் 2003-ல் பிறந்தவன் ஜோயி அலெக்சாண்டர். அப்பா வைத்திருந்த ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே, ஆறு வயதில் கீபோர்டில் ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்கின் மெட்டு ஒன்றை வாசித்துவிட்டான். 2015-ல் முதல் ஆல்பம் 'மை ஃபேவரிட் திங்ஸ்' வந்தபோது வயது 11. அதற்குக் கிராமியில் இரண்டு பரிந்துரைகள்! தீவில் இருந்தால் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிவையுங்கள்.

★ பேஸ் கிதாரின் தந்தியைக் கட்டைவிரலால் 'டம்'மென்று அடிப்பதை ஸ்லாப் என்பார்கள். ஃபங்க் இசையின் உயிரே அதுதான். அது எப்படிப் பிறந்தது? அமெரிக்காவில் லாரி கிரஹாம் என்ற இளைஞர் தன் அம்மாவின் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்மர் இல்லாமல் வாசிக்க வேண்டிய நிலை. டிரம்ஸின் வேலையையும் சேர்த்துச் செய்யத் தந்தியையே அடிக்க ஆரம்பித்தார். ஆள் பற்றாக்குறையில் வந்த யோசனை!

அந்த வித்தையில் இன்று நம் நாட்டில் முன்னால் நிற்பவர் மும்பையின் மோகினி டே. பேஸ் வாசிப்பாளரான அப்பாவிடம் மூன்று வயதிலேயே பாடம் தொடங்கியவர். பதின்வயதிலேயே ஏ.ஆர்.ரஹ்மானுடன் மேடையேறினார். 2023-ல் தன் பெயரிலேயே முதல் ஆல்பம் போட்டார். கொன்னக்கோல் சொல்லிக்கொண்டே அதே சொற்கட்டைத் தந்தியிலும் கொண்டுவருவார். வாயா, விரலா, எது முந்துகிறது என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள், தோற்பீர்கள்.

★ ஜாஸ் கேட்பவர்கள் சொடக்குப் போடுவது நாலு எண்ணிக்கையில் 2, 4 விழும் இடங்களில். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் அதைப் புரட்டிப்போட்டார். 1967-ல் வந்த அவருடைய 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் மொத்தக் குழுவும் முதல் தட்டில்தான் இறங்கும். அந்த முதல் தட்டுதான் ஃபங்க். நம் கச்சேரி பாஷையில் சொன்னால், சமம். எத்தனை ஆவர்த்தனம் சுற்றினாலும் தனி ஆவர்த்தனம் கடைசியில் கணக்காக வந்து சேரும்போது ரசிகர் தொடையில் ஓங்கித் தட்டுவாரே, அந்தக் குஷி ஃபங்க் ரசிகருக்கு ஒவ்வொரு சுற்றிலும் உண்டு.

★ ஒரு ஆல்பம் பெரும்பாலும் ஏன் 40, 45 நிமிடம்? 1948-ல் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம்தான் பிடித்தது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) முக்கால் மணி நேரம். தட்டுகள் போய்விட்டன, அளவு போகவில்லை.

பாராடாங் பயணிகளுக்கு இந்த நீளம் வசதி. ஜிர்க்காடாங் செக்போஸ்ட்டில் கான்வாய் கிளம்பினால், ஜாரவா பழங்குடிக் காப்பகத்தின் சுமார் 50 கிலோமீட்டரில் வண்டியை எங்கும் நிறுத்தக் கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது. மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வருவதற்குள் ஒரு ஆல்பம் தாராளமாக முடியும். ஹெட்போனில் கேளுங்கள். அது ஜாரவா மக்களின் வீடு. அங்கே ஸ்பீக்கரை அலறவிடுவது அநாகரிகம்.

★ மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனின் சிஷ்யை ஒருவர் ஜாஸ் குழு நடத்துகிறார்! அமெரிக்காவில் வளர்ந்த ராஜ்னா சுவாமிநாதன். 2019-ல் 'ஆஃப் ஏஜென்சி அண்ட் அப்ஸ்ட்ராக்ஷன்', 2023-ல் 'அபெர்ச்சர்ஸ்' என இரண்டு ஆல்பங்கள். சாக்ஸபோனுக்கும் கிதாருக்கும் நடுவே மிருதங்கம் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்காது. அதுதான் குழுவை நடத்தும். முதல் ஆல்பத்தை வெளியிட்ட பயோஃபிலியா நிறுவனம் குறுந்தகட்டுக்குப் பதிலாக, மடித்துச் செய்த காகித உறைக்குள் டவுன்லோட் குறியீட்டை வைத்துத் தருகிறது. பிளாஸ்டிக்கே கிடையாது. கரையில் ஒதுங்கும் குப்பையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது பிடிக்கும்.

★ ஜாஸில் காலங்காலமாகப் பாடப்படும் ஆங்கிலப் பாடல்களைத் தமிழில் பாடினால்? பாடிவிட்டார், கானவ்யா. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2018-ல் வந்த 'ஐக்கியம்: ஒண்ணு' ஆல்பம் அது. 2024-ல் லண்டன் சாக்ஸபோன் கலைஞர் ஷபாகாவின் நிறுவனம் இவருடைய இன்னொரு ஆல்பத்தை வெளியிட்டது. அந்தக் குரலில் அவசரமே இல்லை. இரவில் கேட்க இதைவிட நல்ல ஆல்பம் சமீபத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

★ 2023-ல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசை முதன்முதலாக ஒரு ஜாஸ் குழு வென்றது: எஸ்ரா கலெக்டிவ். குழு உருவானதே லண்டனின் இலவச இளைஞர் இசைப் பட்டறைகளில்தான்.

★ டோமி, ஜேடி பெக் என்ற ஜாஸ் ஜோடி 'நாட் டைட்' (2022) ஆல்பத்தை வெளியிட்டபோது டிரம்ஸ் வாசிக்கும் பெக்குக்கு 19 வயது. வேகம் கொஞ்சம் மிரட்டும். இரண்டாம் முறை கேட்டால் பழகிவிடும்.

★ அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவின் 'எலிஃபங்க்' (2003) ஆல்பத்தில் ஒலிப்பது நம் இளையராஜா! 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படப் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கோத்திருக்கிறார்கள். ஃபங்க் நமக்குப் புதுசில்லை. 80-களின் ராஜா பாடல்களில் சசிதரனின் பேஸ் கிதாரை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள்.

★ சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிள் இயங்கத் தொடங்கியது 2020 ஆகஸ்ட் 10-ல்தான். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரோடு ரங்கட், லாங் ஐலேண்ட் உட்பட ஏழு இடங்களைத் தொடுகிறது. அதற்கு முன் எல்லாம் சாட்டிலைட் இணைப்புதான். ஒரு பாட்டு இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். இப்போது லண்டனில் வெள்ளிக்கிழமை வரும் ஆல்பம் அதே நாள் இங்கேயும் வந்துவிடுகிறது. என் பரிந்துரை: முதலில் மோகினி டே, அடுத்து ராஜ்னா, இரவுக்குக் கானவ்யா. பிடித்திருந்தால் ஓசியில் கேட்பதோடு விடாமல், ஒரு ஆல்பத்தையாவது காசு கொடுத்து வாங்குங்கள். இளம் கலைஞர்களுக்கு அந்தக் காசு அடுத்த ரெக்கார்டிங்குக்கு உதவும்.