பழைய இசைத்தட்டு வாங்கும்போது

பழைய இசைத்தட்டில் இரண்டு வகைக் குறைகள் உண்டு. தூசி, கைரேகை, பூஞ்சை ஆகியவை பெரும்பாலும் கழுவினால் போய்விடும். ஆழமான கீறலும் ஊசி உழுததால் வந்த தேய்மானமும் என்ன செய்தாலும் போகாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், அழுக்கேறிக் கிடக்கும் நல்ல தட்டை மலிவாக எடுத்துச் செல்வார். தெரியாதவர் பளிச்சென்ற உறையைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடுவார்.

கையில் இருப்பது வினைல்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வினைலால் ஆன எல்.பி. தட்டைக் கொண்டுவருவதற்கு முன் தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையால் ஆனவை. அவை நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும். இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அவை வெளிவந்ததால், பழைய சாமான் கடைக் குவியலில் இரண்டும் கலந்தே கிடக்கும். அரக்குத் தட்டு கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். அதன் வரிப்பள்ளம் அகலமானது என்பதால் ஏறத்தாழ 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். எல்.பி.க்கு 25 மைக்ரானோ அதற்குக் குறைவோ போதும். ஒன்றின் ஊசியை மற்றதில் வைக்கக் கூடாது. வினைலைத் துடைக்கும் ஆல்கஹால் கலந்த திரவம் அரக்கைக் கரைத்துவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 12 அங்குல எல்.பி. 33⅓ சுற்றில் ஓடி, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடும். பழைய தமிழ்ப் படப்பாட்டுகள் பலவும் பக்கத்துக்கு இரண்டாக, 7 அங்குல இ.பி.யில் வந்தன.

தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் பிடித்து, வெயிலிலோ ஒற்றை பல்பின் கீழோ சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். டியூப்லைட்டின் பரந்த வெளிச்சத்தில் பாதிக் குறைகள் தெரியாது. சாய்க்கும்போது மட்டும் மின்னும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் காகித உறை உரசியதால் வந்தவை; அவை பாட்டை அதிகம் கெடுப்பதில்லை. விரல் நுனியில் தட்டுப்படும் கீறல் காதிலும் கேட்கும். வரிகளைக் குறுக்கே வெட்டிய கீறல் என்றால், எல்.பி.யில் 1.8 நொடிக்கு ஒரு முறை ‘டக்’ என்று சத்தம் வரும். வரியோடு சேர்ந்து சாய்வாக ஓடும் கீறல் இன்னும் மோசமானது. ஊசி அதில் வழுக்கி முந்தைய வரிக்கே திரும்பிவிடும். ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்ற பேச்சு வழக்கு இதிலிருந்து வந்ததுதான்.

தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது கடினம். இன்றைய கருவிகளில் ஊசி ஏறத்தாழ 2 கிராம் எடையோடு தட்டில் அமர்கிறது. அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்கள் பலவற்றில் அது பல மடங்கு. அதுவும் தேய்ந்த ஊசியாக இருந்தால் பள்ளத்தின் சுவரையே செதுக்கிவிடும். அப்படிப்பட்ட தட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனால் பளபளப்பு மங்கிக் கறுப்பு சாம்பல் நிறமாகியிருக்கும்; உச்சஸ்தாயிக் குரல் கரகரக்கும்; ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் வெளிறிய கோடுகள் நிறைய இருந்தால் அது பலமுறை ஓடிய தட்டு.

கடையில் டர்ன்டேபிள் இருந்தால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்பது நல்லது. வெளி விளிம்பில் வரி நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிந்திருப்பதால் சேதம் அங்கேதான் முதலில் காதில் விழும். முதல் பாட்டை மட்டும் கேட்டு வாங்கியவர்கள் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

நெளிவைப் பார்க்க, தட்டைக் கண் மட்டத்தில் வைத்து விளிம்பைச் சுற்றிலும் நோக்கினால் போதும். லேசான வளைவில் ஊசி ஏறி இறங்கிப் பாடிவிடும். விளிம்பில் திடீரென எழும் மேட்டில் எகிறிக் குதிக்கும்.

ஈரக்காற்றுள்ள ஊர்களில் வெண்புள்ளிகளாகப் பூஞ்சை படிவது சகஜம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்பு கலந்து, லேபிள் நனையாமல், வரியின் போக்கிலேயே துடைத்தால் பெரும்பாலும் நீங்கும். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடாவிட்டால் அது திரும்பவும் வரும். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக் கிடந்ததால் படர்ந்த மங்கல் வேறு. அது வினைலிலேயே ஊறியது.

உறையில் உள்ள எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். உறை ஒரு படம், தட்டு வேறு படம் என்பது அடிக்கடி நேர்கிறது. இணையத்தில் வாங்குபவர் தரக்குறியீட்டின் பொருளையும் அறிந்திருக்க வேண்டும். ‘நியர் மின்ட்’ என்றால் ஏறக்குறைய புதிது. ‘குட்’ என்றால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. நன்றாகத் தேய்ந்து இரைச்சலோடு ஓடும் தட்டுக்கே அந்தப் பெயர். கண்ணால் பார்த்துத் தரம் போட்டாரா, ஓடவிட்டுக் கேட்டாரா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இத்தனை கண்டிப்பும் எளிதில் கிடைக்கும் தட்டுகளுக்குத்தான். வேறு எந்த வடிவிலும் மறுபடி வெளிவராத பாட்டோ கச்சேரியோ ஒரு தட்டில் இருந்தால், அது தேய்ந்திருந்தாலும் வாங்கலாம். கழுவி, பொருத்தமான ஊசியில் ஒரு முறை ஓடவிட்டு டிஜிட்டலில் பதிந்துகொண்டால், இரைச்சலுக்கு நடுவிலாவது அந்தக் குரல் பிழைத்திருக்கும்.