ஓட்டத்திற்குப் பின் குதிரைக் கால்களைக் குளிரச்செய்தல்: ஐஸ் உறைகளைத் தெரிந்தெடுக்கும் விதம்

பந்தயத்தில் ஓடி நின்ற குதிரையின் வியர்வையை வழித்து, போர்வை போர்த்தி, தீனி காட்டுவதில் குடியானவர்கள் குறை வைப்பதில்லை. ஆனால் ஓட்டத்தின் பாரம் முழுவதையும் தாங்கிய கால்களை, மறுநாள் குதிரை நொண்டிய பிறகே பெரும்பாலோர் தடவிப் பார்க்கின்றனர். ரேக்ளாவுக்கென்று குதிரை வளர்ப்போரும், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் பெருந்தொகை கொடுத்துக் கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளை வாங்குவோரும் அவற்றின் கால்களை நம்பியே பணம் போடுகின்றனர். மேல்நாடுகளில் பந்தயக் குதிரைகளுக்கு நெடுநாளாக வழங்கிவரும் ஐஸ் உறைகள் இப்பொழுது இங்கும் விலைக்குக் கிடைக்கின்றன. விதங்களோ பல. எது பயன் தரும், எது பணத்தை வீணாக்கும் என்பதை அறியவேண்டுமானால், காலின் அமைப்பையும் அதில் சூடு பிறக்கும் விதத்தையும் முதலில் அறிதல் அவசியம்.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சதை என்பது ஏறக்குறைய இல்லை. எலும்பும், அதன் பின்புறமாகக் கயிறுபோல் இறங்கும் தசைநார்களும், அவற்றின்மேல் தோலுமே உள்ளன. கிராமங்களில் இத்தசைநாரை நரம்பு என்றே சொல்லுவர். நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்னங்கால்களின்மேல் விழுகிறது. பாய்ச்சலில் ஒவ்வோர் அடிக்கும் கணுமூட்டு தரையை நோக்கித் தாழ, பின்புறத்து நார் ரப்பரைப்போல் நீண்டு, மறுகணமே சுருங்கிக் குதிரையை முன்னே தள்ளுகிறது. இவ்வாறு நீண்டு சுருங்கும்போது செலவாகும் சக்தியில் ஒரு சிறு பங்கு சூடாக மாறி நாருக்குள்ளே தங்குகிறது. நாரில் இரத்த ஓட்டம் குறைவாதலால் அச்சூடு விரைவில் வெளியேறுவதில்லை. 1994-இல் வில்சன், குட்ஷிப் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் பாய்ச்சலில் ஓடிய குதிரைகளின் நாருக்குள் வெப்பத்தை அளந்தபோது, நடுப்பாகம் 45 டிகிரி சென்டிகிரேட் வரை ஏறக் கண்டனர். நார் பழுதுபடும்போது அடிக்கடி முதலில் கெடுவது அந்த நடுப்பாகமே என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஒருமுறை கிழிந்த நார் ஆறுவதற்கு ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை செல்லும். ஆறிய இடத்தில் உண்டாகும் தழும்புக்குப் பழைய நெகிழ்ச்சி இராது. ஆகவே அதே காலில் மறுபடியும் கேடு நேர்வது சாதாரணம். பட்டை தீட்டி, சேணம் பூட்டி, ஊரார் மெச்ச ஓட்டிய குதிரை ஒரே நாளில் விலைபோகாத பிராணியாகிவிடுவது இவ்வாறுதான்.

குளிர்ச்சியானது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. சிதைந்த பாகத்தில் நிகழும் அழற்சியின் வேகத்தைத் தணிக்கிறது. வலியை மரத்துப்போகச் செய்கிறது. கிழிந்த நாரை அது ஒட்டவைப்பதில்லை. பழக்கம் போதாத குதிரையைத் தார் ரோட்டில் மூச்சிறைக்க ஓட்டிவிட்டு, ஐஸ் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு எந்த உறையும் உதவாது.

சூடேறிய உடம்பில் குளிர்நீர் பட்டால் குதிரைக்குச் சதை பிடித்துக்கொள்ளும் என்ற அச்சம் இங்கு மாத்திரமன்று, மேல்நாடுகளிலும் வெகுகாலம் நிலவியது. 1996-இல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் கடுங்கோடையில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற இருந்தமையால், அதற்கு முன்பே இவ்விஷயம் நன்கு பரிசோதிக்கப்பட்டது. ஓடிக் களைத்த குதிரைகளின்மேல் மிகக் குளிர்ந்த நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றியதில் அவை விரைவாகத் தெளிந்தனவேயன்றித் தீங்கு எதுவும் காணப்படவில்லை. ஆகவே கால்களுக்குக் குளிர்ச்சி கொடுப்பதிலும் அஞ்சவேண்டியதில்லை.

குளிர் நாட்டு ஓடையில் கால் மணி நேரம் குதிரையை நிறுத்தினாலே போதும் என்று அந்நாட்டார் சொல்லுவது அவ்விடத்திற்குப் பொருந்தும். நம் சமவெளிகளில் கிணற்று நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. கோடையில் தொட்டி நீர் 30 டிகிரிக்கும் மேலே போய்விடும். அந்நீரைக் காலில் பாய்ச்சினால் புழுதி போகும், சிறிது சூடும் தணியும். நாரின் உட்பாகம் வரை குளிரவேண்டுமானால் ஐஸ் இல்லாமல் முடியாது.

உறையைத் தெரிந்தெடுப்பதில் பிரதானமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றே: குளிர்ச்சி ஈரமாகத் தோலைத் தொடுகிறதா என்பது. குதிரையின் ரோமத்தில் காற்று தங்கியிருக்கிறது; காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தம். நீரோ அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் விரைவாகக் கடத்தும். ரோமத்தினிடையே நீர் புகுந்து காற்றை வெளியேற்றினாலொழிய, உறைக்குள் எவ்வளவு ஐஸ் இருந்தாலும் அதன் குளிர்ச்சி மேலோடு நின்றுவிடும்.

இந்த அளவுகோலால் பார்த்தால், ஐஸும் நீரும் கலந்து நிரப்பும் உயரமான பூட்ஸ் வகையே முதலிடம் பெறும். குளம்பு முதல் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை கால் முழுவதும் அதனுள் நிற்கும். பார்வைக்கு அழகில்லை, கனமாகவும் இருக்கும், குதிரை அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாகாது. ஆயினும் வேலை செய்வது அதுவே. அகலமான ரப்பர்த் தொட்டியொன்றில் கால்களை நிறுத்திப் பழக்கினாலும் இதே பயன் கிடைக்கும், செலவும் குறைவு.

இரண்டாவதாக, சிறு சிறு பைகள் தைத்து, அவற்றில் நொறுக்கிய ஐஸை இட்டுக் காலில் சுற்றிக் கட்டும் உறை. இதில் உட்புறத் துணி வலைபோல் இருந்து, உருகும் நீர் காலின்மேல் கசியவேண்டும்; வெளிப்புறம் நியோப்பிரீன் போன்ற தடித்த ரப்பராக இருந்து, வெளிச்சூட்டைத் தடுக்கவேண்டும். சில உறைகளில் இவ்விரண்டும் தலைகீழாக அமைந்து, தடித்த ரப்பரே காலின் பக்கம் இருக்கக் காண்கிறோம். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. பைகள் நாரின்மேல், அதாவது காலின் பின்புறத்தில், நன்கு அமையவேண்டும். எலும்பின்மேல் மாத்திரம் ஐஸ் இருந்து பின்புறம் வெறும் பட்டையாக இருப்பின் பயனில்லை. கணுமூட்டையும் மூடும் நீளம் இருத்தல் நலம்.

உறைபெட்டியில் வைத்து எடுக்கும் ஜெல் பட்டைகள் மூன்றாம் வகை. இவற்றை மாட்டுவது சுலபம். ஆதலால் வாங்குவோர் அதிகம். ஆனால் மின்சாரம் நிலையில்லாத இடங்களில் இவை பாதி உறைந்தே வெளிவரும். முழுவதும் உறைந்தவையோ 18 டிகிரி உறைகுளிரில் இருந்து வருவதால், வெறுந்தோலில் நெடுநேரம் பட்டால் தோலைச் சுட்டுவிடும். மெல்லிய துணியொன்றை நனைத்துக் காலில் சுற்றி, அதன்மேல் கட்டினால் அபாயமும் குறையும், குளிர்ச்சியும் உள்ளே செல்லும். குளிர்நீரைக் குழாய்களில் சுற்றவிட்டு, கூடவே காலை அழுத்தியும் கொடுக்கும் இயந்திர உறைகளும் உண்டு. 2003-இல் வெளியான ஒரு பரிசோதனையில், இத்தகைய உறையை ஒரு மணி நேரம் வைத்ததில் நாரின் உள்வெப்பம் சுமார் 10 டிகிரிக்கு இறங்கியது. அக்குளிரால் நாரிலுள்ள உயிரணுக்கள் கெடவும் இல்லை. பல குதிரைகளை வைத்திருக்கும் பந்தய லாயங்களுக்கு அவை தகும். ஓரிரு குதிரை வைத்திருக்கும் குடியானவருக்கு அவ்வளவு முதல் தேவையில்லை.

எந்த உறையை வாங்கினாலும், கட்டி இருபது நிமிஷம் கழித்து அவிழ்த்து, தோலில் கையை வைத்துப் பார்க்கவேண்டும். ஐஸ்நீரில் முக்கிய கைபோல் காலும் சில்லென்றிருந்தால் உறை நல்லது. வெதுவெதுப்பு இருக்குமாயின், அந்த உறை காலுக்குப் போர்வையாகவே இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். உருகித் தீர்ந்த ஐஸுடன் உறையை அப்படியே விட்டுவைப்பதும் இதே கேட்டைச் செய்யும். தடித்த ரப்பர் காலின் சூட்டை வெளியே விடாது.

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரியிலுள்ள 10 லிட்டர் நீரை 5 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 3 கிலோ தேவை. காலின் சூட்டிற்கும் வெயிலுக்கும் ஈடாக மேலும் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்க. ஐஸ் கம்பெனிப் பாளத்தைச் சாக்கில் கட்டி மரச்சுத்தியால் நொறுக்கினால் போதும். கூரான பெரிய துண்டுகள் தோலைக் கீறும்.

குதிரையைச் சிறிது நடத்தி இளைப்பாற்றி, காலிலுள்ள மணலைக் கழுவிய பின்பே உறையைக் கட்டவேண்டும். உள்ளே சிக்கும் மணல் தோலை உராய்ந்து புண்ணாக்கும். ஓட்டத்திற்குப் பின் சாதாரணமாக 15 முதல் 20 நிமிஷம் போதும். நாரில் வீக்கமோ சூடோ கண்டால், முதல் இரண்டு நாட்களில் சில மணிக்கொருமுறை இவ்வாறு செய்துகொண்டே கால்நடை வைத்தியரை அழைத்தல் வேண்டும். பழக்கமில்லாத குதிரைக்கு முதலில் வெற்று உறையை மாட்டிப் பழக்குவதும், கட்டியிருக்கும் நேரமெல்லாம் ஓர் ஆள் அருகே நிற்பதும் முக்கியம். அவிழ்த்தபின் குதிகாலின் மடிப்பை நன்கு துடைத்து உலர்த்தாவிட்டால் அங்கே வெடிப்பும் சொறியும் உண்டாகும்.

குளம்பு வீக்கம் என்னும் கொடிய நோய்க்கு மேற்சொன்னது போதாது. குதிரை தானியக் குதிருக்குள் தலையை விட்டு மிதமிஞ்சித் தின்றுவிட்டால், அந்நோய் வரும் அபாயம் உண்டு. குளம்பின் உள்ளே எலும்பைத் தாங்கும் மெல்லிய மடிப்புகள் விட்டுப்போய் குதிரை நிற்கவே முடியாமற்போகும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த வான் எப்ஸ், பொல்லிட் என்போர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே குதிரையின் ஒரு முன்னங்காலை மாத்திரம் 48 மணி நேரம் இடைவிடாமல் ஐஸ்நீரில் வைத்தனர். மற்றக் காலில் நோய் முற்ற, குளிரில் இருந்த கால் பெரிதும் தப்பியது. இதற்குக் குளம்பையும் சேர்த்து மூழ்கச்செய்யும் பூட்ஸ் வகையே உதவும். கணுவோடு நின்றுவிடும் உறைகளும் உலர்ந்த ஜெல் பட்டைகளும் உதவா. தானியம் தின்றது தெரிந்தவுடனே, நொண்டும்வரை காத்திராமல், வைத்தியருக்குச் சொல்லியனுப்பி ஐஸைத் தொடங்கவேண்டும்.

குளிர்ச்சி வலியை மறைக்கும் என்று மேலே கூறியதில் ஓர் அபாயம் அடங்கியுள்ளது. மரத்துப்போன காலுடன் குதிரை நேராக நடக்கும்; தன் காலைத் தானே காத்துக்கொள்ளவும் அறியாது. ஆகையால் ஓட்டத்திற்குச் சற்றுமுன் ஐஸ் வைப்பதும், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே வைத்து மறுபடி ஓட்டுவதும் குதிரையை அழிக்கும் வழி. சந்தையில் குதிரை வாங்குவோரும் இதை மனத்திலிருத்தவேண்டும். இரண்டு முன்னங்கால்களின் நாரையும் புறங்கையால் தடவி ஒப்பிட்டு, ஒன்று மற்றதைவிடச் சூடாக உள்ளதா என்று பார்ப்பதே பழைய வழக்கம். கால்கள் நனைந்து குளிர்ந்திருக்குமாயின் அப்பரிசோதனை பயன்படாது. விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு மணி நேரம் நிழலில் கட்டிவைத்து, காலின் சூடு இயல்புக்குத் திரும்பிய பிறகு தடவிப் பார்த்து, கெட்டியான தரையில் ஓட்டிப் பார்த்தே விலை பேசவேண்டும்.

திருவிழாக்களில் ரேக்ளா நடத்த ஏற்பாடு செய்யும் கிராம அதிகாரிகள், பந்தல், பரிசு முதலியவற்றுடன் ஓட்டம் முடியுமிடத்தில் நிழலும், தொட்டிகளும், ஐஸும் இருக்கச் செய்யலாம். முந்தின நாள் மாலையே பாளங்களை வரவழைத்து, உமியிலோ மரத்தூளிலோ புதைத்து, ஈரச்சாக்கால் மூடி வைத்தால் மறுநாள் ஓட்டத்திற்குப் போதுமான ஐஸ் மிஞ்சியிருக்கும்.