தொடக்கநிலைச் செய்நிரற் பயிற்சிகளும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

கணினி மொழியொன்றைக் கற்கத் தொடங்குவோருக்குத் தரப்படும் பயிற்சிகள் மிக எளியன. எண்களைக் கூட்டுதல், நெட்டாண்டு காணுதல், சொல்லொன்றின் எழுத்துகளை எண்ணுதல், அதனைப் புரட்டி எழுதுதல் என்பன அவற்றுட் சில. இலங்கையின் உயர்தர வகுப்புப் பாடத்திட்டத்தில் பைதன் மொழி இடம்பெறுவதால், தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவரும் இவற்றைச் செய்கின்றனர். 1991 இல் கைடோ வான் ரொசம் வெளியிட்ட இம்மொழி, எழுதிய வரியை உடனுக்குடன் இயக்கிக் காட்டுவதாகலின், தொடக்கநிலையினர்க்குப் பொருத்தமானது. எனினும் பயிற்சிக்குரிய சொல் தமிழ்ச் சொல்லாகும்போது எழும் சிக்கலொன்றை இங்கு ஆராய்வோம்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே அமைந்த ஊர் பெரியகல்லாறு. அவ்வூர் மாணவர் ஒருவர் தம் ஊர்ப்பெயரைக் கொடுத்து நீளத்தைக் கேட்பாராயின், பைதன் தரும் விடை 12. ஆனால் பெ, ரி, ய, க, ல், லா, று என எண்ணினால் எழுத்துகள் 7 மட்டுமே. இலக்கண முறைப்படி உயிரையும் மெய்யையும் பிரித்து எண்ணினாலோ 13 ஒலிகள் கிடைக்கும். பொறியின் விடை இவ்விரண்டினுள் எதனோடும் பொருந்தவில்லை.

இதற்குக் காரணம் ஒருங்குறி என்னும் குறியீட்டு முறையின் அமைப்பாகும். அதில் அகரமேறிய மெய்க்கு ஓர் இடம். ஏனைய உயிர்க்குறிகளுக்குத் தனித்தனி இடம். புள்ளிக்கும் ஓர் இடம். எனவே ‘ய’, ‘க’ ஆகியவற்றிலுள்ள அகரம் எண்ணப்படுவதில்லை. 13 இல் இரண்டு குறைகின்றது. ‘ல்’ என்பதன் புள்ளி தனியே எண்ணப்படுகின்றது, ஒன்று கூடுகின்றது. ஆகவே 12.

இது வெறும் எண்ணிக்கை விளையாட்டன்று. பெயருக்குப் பத்து இடங்களே ஒதுக்கிய கணினிப் படிவமொன்றில், ஏழெழுத்துடைய இவ்வூர்ப்பெயர் ‘பெரியகல்லா’ என்று துண்டாடப்படும். சொல்லைப் புரட்டும் பயிற்சியிலும் இதே இடர் உண்டு. ‘விகடகவி’ இருபுறமும் ஒன்றாக வாசிக்கப்படுவது யாவரும் அறிந்ததே. பொறியோ, புரட்டிய வடிவம் இகரக் குறியில் தொடங்குவதால், இரண்டும் ஒன்றல்ல என்று கூறும். ஞானசம்பந்தர் காலந்தொட்டு மாலைமாற்றுப் பாடிய மொழிக்கு இவ்விடை ஏற்புடையதாகாது.

தீர்வு கடினமானதன்று. தமிழில் தனியிடம் பெறும் உயிர்க்குறிகள் 11. புள்ளியைச் சேர்க்க 12. சொல்லை இடமிருந்து வலமாக வாசித்துச் செல்லவேண்டும். எதிர்ப்படுவது இப்பன்னிரண்டில் ஒன்றாயின் முன்னைய எழுத்தோடு சேர்க்க; அன்றாயின் புதிய எழுத்தாகத் தொடங்குக. பெரியகல்லாற்றில் இத்தகைய குறிகள் 5. 12 இல் அவற்றைக் கழிக்க 7 எஞ்சும். இவ்வாறு பிரித்த எழுத்துகளைப் புரட்டினால் விகடகவியும் விகடகவியாகவே நிற்கும். ‘க்ஷ’ போன்ற கிரந்தக் கூட்டெழுத்துகளுக்கு மட்டும் தனிவிதி தேவை. இப்பணிக்கெனவே ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரலகம் உள்ளது. எனினும் தொடக்கநிலை மாணவர் அதனை நாடுமுன் மேற்கண்ட சில வரிகளைத் தாமே எழுதிப் பார்ப்பது நன்று.

நாம் வலியுறுத்த விரும்புவது யாதெனில், பயிற்சிகள் விடையை மனனஞ்செய்வதற்காக அமைந்தவையல்ல என்பதாகும். ஆங்கிலச் சொல்லைக் கொண்டு செய்த பயிற்சியில் மறைந்திருக்கும் எடுகோள், தமிழ்ச் சொல்லைக் கொடுத்ததும் வெளிப்படுகின்றது. ‘எழுத்து’ என்றால் என்ன என்னும் வினா, இலக்கண ஆசிரியருக்கு மட்டுமன்றிச் செய்நிரல் எழுதுவோருக்கும் உரியதாகின்றது. 12 என்ற விடையைக் கண்ட மாணவர், தம் மொழியறிவே பிழையென எண்ணிவிடாது, பொறி எதனை எண்ணுகின்றது என வினவப் பழகவேண்டும்.

பெரியகல்லாற்றுக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தமிழில் விஞ்ஞானம் கற்பித்தற்குச் சொற்கள் வேண்டும் என்பது அக்காலத் தேவை. அச்சொற்களைக் கையாளும் பொறியைத் தமிழின் இயல்புக்கேற்ப இயக்கும் திறன் இக்காலத் தேவை. ஊர்ப்பெயரின் எழுத்துகளைச் சரியாக எண்ணும் சிறு பயிற்சியே அத்திறனுக்குத் தொடக்கமாகலாம்.