எவரும் காணாத இடத்தில்

திருவண்ணாமலையை வலம் வரும் 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்குப் புறத்தே அமைந்துள்ள சிற்றூர் அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் இவ்வூர் வழியே நடந்து செல்கின்றனர். அவர்களுள் சற்றே நின்று, இவ்வூரார் முகம் பார்த்து நலம் கேட்பவர் எத்தனை பேர்? கூட்டம் கடந்து போகும் வழியிலேயே தனித்திருப்பது ஊர்களுக்கு மட்டுமன்று, மனிதருக்கும் நேர்வதுண்டு.

வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு பசியையோ பிணியையோ பற்றியதன்று. "சாமி, இந்த வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்றே யாருக்கும் நினைவில்லை" என்பதே அது. மூலைக் கட்டிலில் முடங்கிய தாய் சொல்கிறார். மணமாகாத மூத்த மகள் சொல்கிறார். விடியுமுன் எழுந்து மணியடிக்கும் கோயில்பிள்ளை சொல்வதில்லை. ஆனால் திருவிழா மலரில் நன்கொடையாளர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அதை மடித்து வைக்கிறார். இத்துயரை அற்பமென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

1949 சனவரியில் இரு பிரெஞ்சுக் குருக்கள் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷியைக் கண்டு சென்றனர். இளையவர் ஹென்றி லெ சோ அடிகளார். அபிஷிக்தானந்தர் என்னும் பெயரில் 1952 முதல் சில ஆண்டுகள் இம்மலைக் குகைகளில் அவ்வப்போது தங்கித் தவமிருந்தவர். தம் நூல்களால் பலர் அறிய விளங்கியவர். மூத்தவரான ஜூல்ஸ் மொன்சானின் அடிகளாரின் கதை வேறு.

1895-இல் பிறந்த அவர் லியோன் மறைமாவட்டக் குரு. பின்னாளில் கர்தினாலான ஹென்றி தெ லுபாக் போன்ற இறையியல் அறிஞர்கள் மதித்த நண்பர். எனினும் முனைவர் பட்டப் படிப்பைத் தாமே விடுத்து, சுரங்கத் தொழிலாளர் பங்கொன்றுக்குச் சென்றார். 1939-இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்துச் சிற்றூர்ப் பங்குகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தார். 1950 மார்ச் 21-ஆம் நாள், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். இந்தியத் துறவியர் வந்து சேர்வர் என்பது எதிர்பார்ப்பு. வந்தவர் சிலர், நிலைத்தவர் இல்லை. உடனிருந்த துணைவரின் உள்ளமும் அருணாசலத்தின்பால் ஈர்க்கப்பட்டது. 1957-இல் நோயுற்றுச் சிகிச்சைக்காகப் பிரான்சு சென்ற மொன்சானின் அடிகளார், அக்டோபர் 10 அன்று பாரிசில் உயிர்நீத்தார். அன்று கணக்குப் பார்த்திருந்தால், பற்றுப் பக்கமே நிறைந்திருக்கும்.

1968-இல் பீட் கிரிபித்ஸ் அடிகளார் வந்தபின் ஆசிரமம் தழைத்தது. பல நாட்டினர் தேடி வரலாயினர். ஆகவே, பின்னாளிலேனும் பெயர் வந்ததே என்று ஆறுதல் கூறத் தோன்றும். நாம் அவ்வாறு கூறோம். இறந்தபின் வந்த பெயர், உயிரோடிருந்தபோது பட்ட தனிமையில் ஒரு நாளையேனும் குறைக்கவில்லை. நம் வீட்டு மூதாட்டிக்கோ அத்தகைய பெயரும் வரப்போவதில்லை. அடிகளாரைத் தாங்கியது எதிர்காலப் புகழன்று. ஆசிரமத்தின் பெயரே மூவொரு இறைவனைக் குறிப்பது. அவ்விறைவன் திருமுன் அமர்ந்து ஆராதிப்பதே அதன் நோக்கம். அதற்குப் பார்வையாளர் தேவையில்லை.

தொடக்க நூலின் 16-ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஆபிராமும் சாராயும் ஆகாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'பணிப்பெண்' என்கின்றனரேயன்றி, பெயர் சொல்வதில்லை. பாலைவனத்து நீரூற்றருகே வானதூதரே முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவளும் இறைவனுக்கு, தன்னைக் காண்பவர் எனப் பெயரிடுகிறாள். திரும்பிச் சென்றது அதே வீட்டுக்குத்தான். அங்கு எதுவும் மாறியிருக்கவில்லை. ஆனால் தன்னைக் கண்ட ஒருவர் உண்டென்பதை அறிந்தவளாய்ச் சென்றாள்.

இதைப் படித்துவிட்டு, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று மூலைக் கட்டிலைக் கடந்து செல்லும் மகன்களும் உண்டு. அவர்களுக்காக நாம் இதை எழுதவில்லை.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது வழக்கம். நாம் வருவதறிந்து கட்டிலருகே சிறு மேசையிட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றுகின்றனர். அதுவரை தொலைக்காட்சி பார்த்திருந்த பேரப்பிள்ளைகளும் வந்து முழந்தாளிடுகின்றனர். நாம் அந்தத் தாயின் பெயரை உரக்கச் சொல்லி அழைக்கிறோம். அவர் மெல்ல எழுந்து அமர்ந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "இதோ இருக்கிறேன் சாமி" என்கிறார்.