பருத்தி மாரை வயலில் நிற்க விடலாகாது

அமெரிக்காவின் தென் ராஜ்யங்களில் பருத்திக் குடியானவர்களுக்குப் பெருநஷ்டம் விளைவித்த பூச்சி, காய்க் கூன்வண்டாகும். 1892-ஆம் ஆண்டில் மெக்ஸிகோவிலிருந்து டெக்ஸாஸில் புகுந்த இவ்வண்டு, சுமார் 30 ஆண்டுகளில் பருத்திப் பிரதேசம் அனேகமாக முழுவதும் பரவிற்று. சப்பையையும் பிஞ்சுக் காயையும் துளைத்து அது முட்டையிடும். உள்ளே வளரும் புழுவை மருந்து எட்டாது. ஆதலின் வண்டுக்கு உணவில்லாமற் செய்வதே முதல் வேலையாகும்.

அறுவடைக்குப் பின் மாரை இயந்திரத்தால் நறுக்கிவிட்டாற் போதுமென்று எண்ணுவது தவறு. பருத்தி இயல்பிலே பல்லாண்டுச் செடி. உறைபனி அரிதான தென் டெக்ஸாஸில் கட்டை மீண்டும் துளிர்த்துச் சப்பை பிடிக்கும். அதிலேயே வண்டு அடுத்த பருவம் வரை பெருகும். ஆகையால் நறுக்கியவுடன் கட்டையை வேரோடு பிடுங்கும் கருவியையேனும், அடிமண்ணைப் புரட்டும் கலப்பையையேனும் ஓட்டுதல் வேண்டும். பின்னரும் துளிர் காணின் மறுபடி அழித்தல் அவசியம்.

1978-இல் வர்ஜீனியா, வட கரோலினா ராஜ்யங்களில் தொடங்கிய ஒழிப்பு முயற்சியின் பயனாகப் பெரும்பாலான ராஜ்யங்களில் வண்டு அற்றுவிட்டது. ரியோ கிராண்டே நதியின் கீழ்ப் பள்ளத்தாக்கில் அபாயம் இன்னும் நீங்கவில்லை. ஒருவர் விட்டுவைக்கும் கட்டை அயலார் வயலையும் கெடுக்குமாதலால், குறித்த தேதிக்குள் மாரை அழிக்கும்படி டெக்ஸாஸில் சட்டமும் கட்டளையிடுகிறது.