கைவிரலுக்கும் சுழற்கதவுக்கும் இடையில் இரண்டு வயர்

கைவிரல் அடையாள இயந்திரம் இலங்கையில் இப்போது ஓர் அரசியல் விடயம். 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர்கள் நடத்திய பணிப்பகிஷ்கரிப்புக்கு மேலதிக நேரக் கொடுப்பனவோடு இந்த இயந்திரமும் ஒரு காரணம். ஆனால், விரல் வைத்த பிறகு என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சுழற்கதவு பொருத்தும் தொழில்நுட்பர் ஒருவருடன் சில நாட்கள் சுற்றினேன். தொழிலாளியின் சம்பளமும் சில வேளை உயிரும் இயந்திரத்துக்குப் பின்னால் போகும் வயரில் தங்கியிருக்கின்றன என்பதை அங்கேதான் கண்டேன்.

நாம் வாசலில் பார்க்கும் மூன்று கைகள் கொண்ட சுழற்கதவுக்கு விரலைப் பற்றி எதுவும் தெரியாது. அதனுள் ஒரு பூட்டும் அதை இயக்கும் சிறிய பலகையும் இருக்கின்றன. அந்தப் பலகையில் 'திற' என்பதற்கு இரண்டு முனைகள். அவற்றை ஒரு கணம் தொடுத்து விட்டால் பூட்டு விடுபடும், ஒருவர் போகலாம். விரல் இயந்திரத்துக்குள் இருக்கும் ரிலே என்ற சிறிய ஆளி அந்தத் தொடுப்பைத்தான் செய்கிறது. உள்ளே வருவதற்கு ஒரு சோடி முனை, வெளியே போவதற்கு இன்னொரு சோடி.

மலிவான வேலைகளில் அந்த ரிலே வாசலுக்கு வெளியே உள்ள இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும். "நாலு ஆணியைக் கழட்டி ரெண்டு வயரைத் தொட்டா கதவு திறக்கும், தம்பி. விரல் என்னத்துக்கு?" என்று சிரித்தார் அவர். முறையான வேலையில் வெளியே இருப்பது வாசிப்பான் மட்டும்தான். அது ஆளின் இலக்கத்தை உள்ளே பூட்டிய பெட்டியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அனுப்பும். கதவைத் திறப்பது அந்தப் பலகை. இலக்கத்தை அனுப்புவதற்கு இன்னும் பரவலாக இருப்பது வீகண்ட் என்ற பழைய முறை. அதில் மறைகுறியாக்கம் கிடையாது. வயரைத் தட்டினால் இலக்கத்தை அப்படியே படிக்கலாம். மறைகுறியாக்கத்துக்கு இடம் தரும் ஓ.எஸ்.டி.பி. என்ற முறை 2020 இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது.

இன்னொரு வயர் பெரும்பாலும் இணைக்கப்படுவதே இல்லை. ஆள் உண்மையில் கடந்து போனாரா என்பதைக் கதவு திருப்பிச் சொல்லும் வயர் அது. அது இல்லாவிட்டால் கணினி விரல் வைத்ததையே போனதாக எழுதிக்கொள்ளும். வெளியேற விரல் வைத்த ஒரு பெண்ணை மேற்பார்வையாளர் திரும்பக் கூப்பிட்டால், அவர் உள்ளே செய்யும் வேலை பதிவில் இருக்காது. தீப்பற்றினால் கணினியின் பட்டியலில் அவர் ஏற்கனவே வெளியே நிற்கிறார்.

தீ என்பது வெறும் கற்பனைப் பயமல்ல. 2012 செப்டெம்பரில் கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. சுழற்கதவும் பூட்டிய வாசல்தான். மின்சாரம் நின்றால் கை தானாகக் கீழே விழும் வகைக் கதவுகள் உண்டு. அதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போன நாட்டில் எந்த நிறுவனம் மின்கலம் இல்லாமல் கதவு பொருத்தும்? மின்கலம் இருந்தால் பிரதான மின்சாரம் நின்றாலும் கை விழாது. ஆகவே தீ எச்சரிக்கைப் பெட்டியிலிருந்து ஒரு வயர் நேராகக் கதவின் அவசர முனைக்குப் போக வேண்டும். அது கணினியையோ மென்பொருளையோ சுற்றி வரக்கூடாது. வயர் அறுந்தாலும் கதவு திறக்கும் வகையில் அது இணைக்கப்பட வேண்டும். ஆளுயரக் கூண்டுக் கதவென்றால் இதுவும் போதாது. பக்கத்தில் தள்ளித் திறக்கும் சாதாரணக் கதவு ஒன்று கட்டாயம் தேவை. நான் பார்த்த ஓர் இடத்தில் அந்தக் கதவு இருந்தது, அதன் முன்னால் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள்.

விரல் தரவுக்கு வருவோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவைத் தரவை விசேட வகையில் சேர்க்கிறது. அதற்குக் காரணம் உண்டு. 2019 ஓகஸ்டில் பயோஸ்டார் 2 என்ற நுழைவுக் கட்டுப்பாட்டு முறைமையின் தரவுத்தளம் இணையத்தில் காவலின்றிக் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விரல் அடையாளங்கள் அதில் இருந்ததாகச் சொன்னார்கள். கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. விரல் தரவைத் தொழிலாளியின் அட்டைக்குள்ளேயே வைத்து, வாசலில் அட்டையையும் விரலையும் மட்டும் ஒப்பிடும் வாசிப்பான்கள் சந்தையில் உண்டு. அதில் மையத் தரவுத்தளத்தில் ஒருவரின் விரலும் சேராது. யாராவது அப்படிக் கேட்டு வாங்குகிறார்களா என்று தொழில்நுட்பரிடம் கேட்டேன். "ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார்.